வெயில் பார்க்கப் போன இராசமலர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஹில்ஸ்பரோவில் இருந்த அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இராசமலர் பேச்சைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய்விடுவாள். டென்மார்க் தலைநகரில் கோடையை எப்படிக் கழிப்பது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, அவள் சொல்வாள். வெயில் எறிக்கிற நாளில் மியூசியத்துக்குள் நுழைகிறவன் மடையன். அதையெல்லாம் மழை நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காரக் கூடாது. ரொட்டியும் கொஞ்சம் மீனும் வாங்கிக்கொண்டு, கால்வாய்க் கரையில் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு முன்பே பாலும் பழமும் வாங்கி வைத்துவிட வேண்டும். சைக்கிள் போகும் பாதையில் நின்று வாய் பார்க்கக் கூடாது. மணி அடித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். எவ்வளவு வெயில் என்றாலும் கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்க வேண்டும்.

இத்தனையும் கேட்டு முடித்த யாராவது, "நீங்கள் எப்ப போய் வந்தனீங்கள்?" என்று கேட்டால், "நான் எங்கை போனனான்? இனித்தான் போகவேணும்" என்பாள். கூச்சமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

இராசமலர் யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரி. கலியாணம் முடித்த கையோடு கணவன் மகேசனுடன் ஸாம்பியாவுக்குப் போனாள். அவர் அங்கே கணக்கு வாத்தியார். எழுபத்தைந்தில் ஆக்லாந்துக்கு வந்தார்கள். அவருக்கு இங்கேயும் பள்ளிக்கூடம் கிடைத்தது. அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தில் எந்த மூலையையும் ஒரு கை பார்த்துவிடுவாள். அவளுடைய குரலுக்கு டெலிபோனே தேவையில்லை, யன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று மகேசன் பகிடி பண்ணுவார். அந்தப் பகிடிக்கு அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. அவரும் அதை விட்டபாடில்லை.

கோபன்ஹேகனில் இருந்து பேசும் ஆபரேட்டரின் பெயர் கிர்ஸ்டன். இங்கிருந்து யாராவது அங்கே பேச வேண்டுமென்றால், இராசமலர் கிர்ஸ்டனைக் கூப்பிடுவாள். கிர்ஸ்டன் அந்தப் பக்கத்து ஆளைப் பிடித்துக் கொடுப்பாள். ஆள் வரும் வரைக்கும் இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும். வேலை நேரத்தில் அரட்டை கூடாது என்பது விதி. இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதை அரட்டை என்று யார் சொன்னது? இப்படி ஐந்தாறு வருடமாக இணைப்பைப் பார்த்ததில், முகம் தெரியாத அந்தப் பெண் அவளுக்குச் சிநேகிதியாகிவிட்டாள். "என்னக்கா, உங்க டென்மார்க் கூட்டாளி இன்னிக்கு என்ன பேசுனா?" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த மலேசியாவின் ஈப்போக்காரி ஜெயா தினமும் கேட்பாள்.

ஜூலை மாதம் வந்தால்தான் வயிற்றெரிச்சல். இங்கே குளிர்காலம், மாலை ஷிப்டுக்கு வரும்போதே இருட்டு, மழை, முழங்கால் வரை ஈரம். அங்கே அப்போது காலை. நேற்று இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருந்தது, வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை என்று கிர்ஸ்டன் சொல்லுவாள். கோடையில் அந்த ஊர் மக்கள் எப்படி இருப்பார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். புல்லைக் கண்டால் படுத்துவிடுவார்களாம். பழைய கல்லறைத் தோட்டத்தில்கூட விரிப்புப் போட்டு வெயில் காய்ந்துகொண்டு சாப்பிடுவார்களாம். இதை வீட்டில் வந்து சொன்னபோது மகேசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சுடலையிலை இருந்து சாப்பிடுறதோ? வந்து தலை முழுகிறேல்லையோ?"

"கடலிலை போய் முழுகுவினமாம். ரயிலிலை கொஞ்சத் தூரம் போனால் நல்ல கடற்கரை ஒண்டு இருக்காம்" என்றாள் இராசமலர். அதற்கும் அவளிடம் விவரம் இருந்தது.

அவளுக்கு ஏன் கோபன்ஹேகன் மேல் அப்படி ஒரு பைத்தியம் என்று கேட்டால், அதற்கு லண்டன்தான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

எண்பத்தொன்றில் புருஷனும் பெண்சாதியுமாக லண்டனுக்குப் போனார்கள். பதினாலு நாள், இரண்டு கிழமை. அதில் அவள் கண்டது பத்துப் பதினொரு வரவேற்பறைகள். நம்முடைய ஆட்கள் இருக்கிற ஊருக்குப் போய் ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அது தலைமுறைக்கும் பேச்சாகிவிடும். ஆகவே காலையில் ஒரு வீட்டில் இடியப்பம், மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறு, பின்னேரம் மூன்றாவது வீட்டில் வடையும் கலியாண ஆல்பமும். ஆக்லாந்தில் இருந்து கொண்டுபோன பார்சல்களை வீடு வீடாக இறக்கவேண்டிய வேலை வேறு. மகேசனின் சித்தப்பா மகன் காரை நிறுத்தாமலே ஒரு பக்கம் கையைக் காட்டி, "அந்தா, அதுதான் மணிக்கூட்டுக் கோபுரம்" என்றார். இராசமலர் திரும்புவதற்குள் முன்னால் ஒரு பஸ் வந்து மறைத்துவிட்டது. அவள் கண்ட லண்டன் அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது விமானத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். இனிமேல் போனால், ஒரு சொந்தக்காரனும் இல்லாத ஊர். யாருடைய சோபாவிலும் உட்காராமல், யாருக்கும் பார்சல் கொண்டுபோகாமல், பத்து நாள் வெயிலில் கால் போன போக்கில் திரிய வேண்டும். பாரிஸ் கூடாது, அங்கே மகேசனின் ஒன்றுவிட்ட தம்பி. ஜெர்மனி கூடாது, அங்கே அவளுடைய ஊர் இளவட்டப் பெடியங்கள் நிறைய. கோபன்ஹேகனில் கிர்ஸ்டனைத் தவிர ஒரு குருவியும் அவளுக்குத் தெரியாது. ஐம்பது வயதாகப்போகிறது; இதுவரைக்கும் தனக்கென்று ஒரு நாளும் ஊர் சுற்றாத ஒருத்திக்கு இந்த ஆசை பெரிதா? எண்பத்தேழு ஜூலைக்கு லீவும் எழுதிக் கொடுத்து, இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அப்போதுதான் ஆக்லாந்தின் மேற்குக் கோடி ரானுயியில் இருந்து புஷ்பவதி வந்தாள்.

புஷ்பவதி மகேசனின் அக்கா. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மூத்த மகளின் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவள். இளையவன் குலசிங்கத்துக்கு மட்டும் இங்கே விசா சரிவரவில்லை. அவன் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் டென்மார்க்கில் போய் இறங்கி, முகாமில் இருந்தான் என்பது இராசமலருக்கும் தெரியும். டென்மார்க் பெரிய நாடு, எங்கோ ஒரு மூலையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பவதி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலர், பிள்ளைக்கு அங்கை இருக்கிறதுக்குக் கடுதாசி குடுத்திட்டாங்களாம். இப்ப கோபன்ஹேகனிலை அறை எடுத்து இருக்கிறான். உன்ரை கோபன்ஹேகனிலை! கடவுள்தான் உன்னை அங்கை அனுப்புறார்."

இராசமலருக்குப் பெடியன் தப்பிவிட்டான் என்றதில் உண்மையாகவே சந்தோஷம். கண்ணும் கலங்கியது. அதே நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்ததும் உண்மை. உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அவனுக்கு அறை கிடைத்தது அங்கேயா?

புஷ்பவதி எல்லாவற்றையும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள். ஹோட்டல் எதற்கு? பத்து நாளும் அவனோடுதான் தங்க வேண்டும். அவனோடு இன்னும் நாலு யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொள்வார்கள். சமைத்துப் போடுவார்கள். மற்ற நாலு பேரின் சொந்தக்காரர்களும் இங்கே பக்கத்திலேயே த்ரீ கிங்ஸில் இருக்கிறார்கள், அவர்களும் ஆளுக்கொரு பார்சல் தருவார்கள். அவளே வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், நியூசிலாந்துக் கம்பளி நூலில் பின்னிய ஸ்வெட்டரும் முதல் பார்சலாக மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அவள் போனதும் இராசமலர் மகேசனைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, அஞ்சு பெடியங்கள் இருக்கிற அறைக்குள்ளை பத்து நாள் நான் என்ன செய்யிறது? சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? பாவம், அதுகளையும் நிலத்திலை படுக்க வைச்சு?"

"மலர், நீர் கொஞ்சம் பொறும். அக்காவுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப நான் சொல்லுறன்."

"ஐயோ, வேண்டாம்" என்றார் மகேசன். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற மனிதர், அக்கா என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இராசமலர் தானே குலசிங்கத்துக்கு டெலிபோன் எடுத்தாள். கடைசியாக அவனை அரைக்கால்சட்டையில் கண்டது. இப்போது குரல் தடித்திருந்தது.

"மாமி! எப்ப வாறியள்? நாங்கள் எல்லாம் ஆயத்தம். டேனிஷ் படிக்கிற பள்ளிக்கூடத்திலையும் சொல்லிப்போட்டன், பத்து நாளும் வரமாட்டனெண்டு."

"அது கிடக்கட்டும். ஊர் எப்பிடியடா? வெயில் வந்திட்டுதோ?"

"தெரியேல்லை மாமி."

"தெரியேல்லையோ? அங்கை இப்ப ராத்திரி பத்து மணி. வெளிச்சம் இருக்கோ இல்லையோ?"

"இருக்கு மாமி. அதாலை நித்திரை வருகுதில்லை. யன்னலைப் போர்வையாலை மறைச்சுப்போட்டுப் படுத்திருக்கிறம்."

வருடக்கணக்காக இராசமலர் கேட்டு ஏங்கிய அந்த வெளிச்சத்தைப் போர்வை கட்டி மறைத்துக்கொண்டு ஐந்து பேர் உள்ளே கிடக்கிறார்கள்.

"டேய், நீங்கள் வெளியிலை போறேல்லையோ?"

"பள்ளிக்கூடம் போவம். கடைக்குப் போவம். வேறை எங்கை மாமி போறது? பொலிஸ் மறிச்சால் என்ன சொல்லுறது?"

"உனக்குக் கடுதாசி குடுத்திட்டாங்கள்தானே?"

"ஓம், குடுத்திட்டாங்கள். எண்டாலும்..."

அந்த "எண்டாலும்" இராசமலருக்குப் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் அவளுடைய குரல் எக்ஸ்சேஞ்சுக் குரலாகிவிடும். மறுபேச்சுக்கு இடம் இருக்காது.

"கேள். நான் உன்ரை அறைக்கு வரமாட்டன். நீங்கள் எனக்குச் சமைக்கவும் வேண்டாம், கட்டில் தரவும் வேண்டாம், பள்ளிக்கூடத்தை விடவும் வேண்டாம். நான் வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு அஞ்சு பேரும் ராசாவின்ரை தோட்டத்துக்கு வாங்கோ. அரண்மனைக்குப் பக்கத்திலை, பெரிய மரங்களுக்குக் கீழை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாங்கோ. படுக்கிறதுக்கு அந்தப் போர்வையை யன்னலிலை இருந்து கழட்டிக்கொண்டு வாங்கோ."

"ராசாவின்ரை தோட்டமோ? அதுக்குள்ளை எங்களை விடுவினமோ மாமி?"

"ஆரையும் விடுவினம். காசும் கேக்கமாட்டினம். புல்லிலை படுத்தாலும் ஒருத்தரும் எழுப்பமாட்டினம். எனக்குத் தெரியும்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. நல்ல வேளை.

விஷயம் ரானுயிக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. புஷ்பவதி டெலிபோனிலேயே அழுதாள். "என்ரை பிள்ளையின்ரை வாசற்படி ஏறமாட்டியோ மலர்? றோட்டிலை வைச்சுச் சந்திக்கிறதுக்கு அவன் என்ன பிறத்தியானோ? அவன் ஏழையெண்டபடியாலைதானே?" இராசமலர் என்ன சொல்லியும் எடுபடவில்லை. பார்சல் மட்டும் திரும்பிப் போகவில்லை. ஆனால் மாங்கரே விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த கூட்டத்தில் புஷ்பவதி இல்லை. நம்முடைய ஆட்களில் யாராவது பறந்தால் ஊரே திரண்டு போவது வழக்கம், சண்டைக்காரன்கூட வந்து தூரத்தில் நிற்பான். சொந்த அக்காவைக் காணாமல் மகேசன் முகம் வாடிப்போனார். பத்து நாள் வெயிலுக்காக ஒரு வீட்டையே பகைத்துக்கொண்டேனோ என்று சிங்கப்பூர் போகும் வரைக்கும் இராசமலருக்கு மனம் அறுத்துக்கொண்டே இருந்தது.

கோபன்ஹேகனில் இறங்கிய பிறகு அறுக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. அவள் சொல்லித் திரிந்ததெல்லாம் உண்மைதானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது, எல்லாம் உண்மை. கால்வாய்க் கரையில் காலைத் தொங்கப்போட்டு மீனும் ரொட்டியும் தின்றாள். மகேசன் சைக்கிள் பாதையில் நின்று படம் எடுத்து, நாலு பேரிடம் பேச்சு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ராசாவின் தோட்டத்துக்கு ஐந்து பெடியங்களும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல வரிசையாக வந்து நின்றார்கள். கிர்ஸ்டனும் வந்தாள். குரலை வைத்து நெட்டையாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்து வைத்திருந்த இராசமலருக்கு முன்னால், தோளளவு உயரத்தில் கொழுக்குமொழுக்கென்று ஒருத்தி கூடை நிறைய ஸ்ட்ராபெரிப் பழத்துடன் நின்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, சிரித்துக் களைத்தார்கள். பெடியங்கள் பார்சலைப் பிரித்து, பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றார்கள். கிர்ஸ்டனும் ஒன்றைத் தின்று, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெடியங்கள் அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் மாமி எங்கே என்று தேடி வந்துவிடுவார்கள். கடற்கரைக்கும் அவர்கள்தான் கூட்டிப்போனார்கள். இரண்டு பேராகத் திரிய வேண்டும் என்று போனவள் ஏழெட்டுப் பேராகத் திரிந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. யாருடைய சோபாவிலும் உட்காரவில்லையே.

ஆனால் ஆக்லாந்துக்குத் திரும்பியதும் புஷ்பவதியின் நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. டெலிபோன் எடுத்தால், "குளிக்கிறா", "படுத்திட்டா" என்று மகள்தான் பதில் சொன்னாள்.

மகேசன் பயணப் படங்களை ஸ்லைடாகக் கழுவி எடுத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டார். மகனின் முகத்தைப் பார்க்கலாம் என்பதற்காகப் புஷ்பவதியும் வந்தாள். மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டையும் கழற்றாமல் உட்கார்ந்தாள். இராசமலர் தேத்தண்ணீரை நீட்டியபோது, "வேண்டாம், குடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்" என்றாள். கோபம் ஆறவில்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்.

யன்னல் திரையை இழுத்து மூடி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் படங்கள் ஓடத் தொடங்கின. படகுகள், கோபுரங்கள், சைக்கிள்கள். குலசிங்கம் கூச்சத்தோடு நின்ற ஒரு படம் வந்தது. புஷ்பவதி "மெலிஞ்சுபோனான்" என்று மட்டும் சொன்னாள். இராசமலர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது வேறு ஒரு படத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு எடுத்தது. தாய்க்காரி அதைப் பார்த்தால் பிள்ளை தெருவில் கிடக்கிறான் என்று இன்னும் கொதிப்பாள், எடுத்துவிடுங்கோ என்று மகேசனிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் மறந்துவிட்டார் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த படமாக அதுதான் வந்தது. பச்சைப் புல்லில் போர்வையை விரித்து, மல்லாந்து, வாயைத் திறந்தபடி குலசிங்கம் நித்திரை. சுற்றிவர யார் யாரோ வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார்கள். முகத்தில் பின்னேர வெயில். சப்பாத்து இரண்டும் தலைமாட்டில் திசைக்கொன்றாகக் கிடக்க, வெறுங்கால்.

"மச்சாள், அண்டைக்கு அவன் களைச்சுப்போய்..." என்று இராசமலர் தொடங்கினாள்.

"பேசாமல் இரு" என்றாள் புஷ்பவதி.

அவள் எழுந்து சீலைக்குப் பக்கத்தில் போனாள். படம் அவள் கோட்டின் மேலும் விழுந்தது. மகனின் முகத்தை அவள் பார்த்த மாதிரித் தெரியவில்லை. கீழே, அந்தக் கால்களைத்தான் பார்த்தாள்.

"தம்பி, இவன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டெல்லோ படுத்திருக்கிறான்" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. புஷ்பவதி திரும்பினாள்.

"கலவரத்துக்குப் பிறகு, நான் நாட்டை விட்டு வெளிக்கிடுற வரைக்கும், ஆமி வந்தால் ஓடவேணுமெண்டு இவன் ஒரு நாளும் சப்பாத்துக் கழட்டிப் படுக்கேல்லை. கழட்டு ராசா எண்டு நான் எத்தினை நாள் கெஞ்சியிருப்பன். நாய் குலைச்சால் எழும்பி இருப்பான். இஞ்சை பாருங்கோ, இவ்வளவு சனத்துக்கு நடுவிலை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இராசமலர் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள், அடக்கி அழத் தெரியாதவள், அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். மகேசன் அடுத்த படத்துக்குப் போவதற்குக் கையைக் கொண்டுபோனார்.

"விடு தம்பி, மாத்தாதை."

"கன நேரம் விட்டால் சூட்டிலை ஸ்லைட் பழுதாப்போம் அக்கா."

"அப்ப ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பவும் போடு."

அன்று மத்தியானம் அந்தப் படம் நாலைந்து தரம் வந்தது. நடுவில் புஷ்பவதி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். தேத்தண்ணீர் இருக்கிறதா என்று அவளாகவே கேட்டாள். பாதிக் கோப்பை குடித்தபின் இராசமலரின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"மலர், வாற வருசம் நானும் வாறன். அவன்ரை அறையைப் பாக்க இல்லை. என்னை அந்தப் புல்லுக்குக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளைக்குப் பக்கத்திலை நானும் ஒருக்காக் கண்ணை மூடிப் படுக்கவேணும்."